பாபத்தாவின் தோல்பையில் இருந்த பத்திரங்கள்

ரோமானியர் ஆண்ட கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் என்ன மொழி வழங்கியது என்று கேட்டால் பலரும் பைபிளில் யோவான் 19:20-ஐத்தான் காட்டுவார்கள். இயேசுவின் சிலுவையின் மேல் வைத்த எழுத்து எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் இருந்தது என்று அங்கே இருக்கிறது. எந்த மொழி எந்தக் காரியத்துக்கு என்பது அந்த வசனத்தில் கிடைக்காது. அதற்குப் பத்திரங்களைப் புரட்ட வேண்டும்.

சாக்கடலுக்கு மேற்கே நாகால் ஹேவர் குகையில் 1961-ல் இஸ்ரேலியத் தொல்லியலாளர் யீகாயெல் யாதின் குழு ஒரு தோல்பையை எடுத்தது. உள்ளே பாபத்தா என்ற யூதப் பெண்ணின் 35 பத்திரங்கள், காலம் கி.பி. 94 முதல் 132 வரை. அவற்றில் 26 கிரேக்கம், 6 நபதேய அரமேயம், 3 யூத அரமேயம். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த நபதேய அரசை 106-ல் ரோம் அரேபியா மாகாணமாக்கியது. ஆளுநர் நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டிய பத்திரம் கிரேக்கத்துக்கு மாறியது. வீட்டில் பேசிய அரமேயம் மாறவில்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பர்மாக் கடையின் பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவு இருப்புக் கணக்கு) தமிழில் இருந்தன, கோர்ட்டுக்குப் போன காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது, கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற மண ஒப்பந்தத்தைத் தமிழில்தான் எழுதினார்கள். பாபத்தாவுக்கும் அவள் இரண்டாம் கணவன் யூதாவுக்கும் நடந்த மணத்தின் ஒப்பந்தமும் அப்படியே அரமேயத்தில் இருக்கிறது. ஆனால் அதே யூதா தன் மகள் ஷெலாம்சியோனுக்கு 128 ஏப்ரல் 5-ல் எழுதியது கிரேக்கத்தில்! 200 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) பெறுமான நகை, மாப்பிள்ளை தன் பங்காகச் சேர்ப்பது 300, ஆக 500. தேதியை ரோமானியக் கணக்கிலும், 'மாகாணத்தின் 23-ஆம் ஆண்டு, க்ஸாந்திகோஸ் 15' என்று அரேபியா மாகாணத்தின் ஆண்டு, மாதக் கணக்கிலும் இரு விதமாகப் போட்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரமே கிரேக்கத்துக்குப் போனதுதான் இந்தப் பையில் எனக்கு மிக முக்கியமான சான்று.

இப்படிப்பட்ட பத்திரத்தில் வாசகத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதுவார்கள். மேல்பாதியைச் சுருட்டி நூலால் கட்டி, முடிச்சுகளை ஒட்டிப் பின்புறம் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். கீழ்பாதி படிக்கத் திறந்தே இருக்கும். தகராறு வந்தால் கட்டைப் பிரித்து ஒப்பிடலாம். முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவர் இங்கேதான் தவறுவார்: வாசகம் கிரேக்கமாக இருக்கும், கையெழுத்துகள் அரமேயத்திலும் நபதேயத்திலும் இருக்கும். 128-ல் பாபத்தாவிடம் 300 தெனாரியஸ் வாங்கிய யூதா, கிரேக்க வாசகத்தின் அடியில் அரமேயத்தில்தான் ஒப்புக்கொள்கிறான். பாபத்தாவுக்கு எழுதத் தெரியாது என்று ஒரு பத்திரமே சொல்கிறது.

லத்தீன் ராணுவத்துக்கும் மேலதிகாரிக்கும் உரியது. 127 டிசம்பரில் அரேபியா மாகாணத்து ரப்பாத் நகரில் பாபத்தா பேரீச்சந்தோப்புகளைப் பதிந்த கணக்கின் நகலில், குதிரைப்படைத் தலைவர் பிரிஸ்கஸின் ஒப்பம் 'மொழிபெயர்ப்பு' என்ற குறிப்போடு கிரேக்கத்தில் வருகிறது. ரோமானியச் சட்டமும் அப்படியே கிரேக்கத்தில் வந்து சேர்ந்தது. முதல் கணவருக்குப் பிறந்த மகனின் காப்பாளர்கள் மாதம் 2 தெனாரியஸ்தான் கொடுக்கிறார்கள், போதாது என்று அவள் வழக்குப் போட்டாள். காப்பாளர்மேல் தொடுக்கும் ரோமானிய வழக்கு வாசகம் கிரேக்கத்தில் மூன்று பிரதிகளாக அவள் பையில் இருந்தது.