பருப்பு கடையத் தெரியாத அம்மா

என் மகளுக்கு இரண்டரை வயசில் தெரிந்த வார்த்தைகள் மொத்தம் நாலுதான். அம்மா, தண்ணி, வேணாம், நாலாவது "லோ". லோ என்றால் செல்போன், அவளே வைத்த பேர். மாமியாரிடம் கவலைப்பட்டுச் சொன்னால், "உன் புருசன் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான், இப்ப மூட முடியுதா?" என்பார். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். ராத்திரி தூக்கம் வராது.

அப்போது மதுரை வில்லாபுரத்தில் மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை, அவருக்கு லேத் பட்டறை. பேறுகால விடுப்பை 26 வாரமாக்கி 2017-ல் சட்டம் திருத்தினார்களே, அது பத்துப் பேராவது வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் என்பது வயிற்றில் ஏழு மாசம் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் கடையில் ஆறு பேர். பிள்ளைக்கு மூன்று மாசம் முடிந்ததும் பில் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார், அவருக்கும் வீட்டு வேலை இருக்கும் இல்லையா, டிவியைப் போட்டுவிடுவார். ராத்திரி நான் சோறு ஊட்டப் போனைக் கொடுப்பேன். வாய் தானாகத் திறக்கும், கண் போனை விட்டு நகராது. ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயசுக்கு மேல் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்றும் யோசிக்கிறேன். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சமைத்து, ஊட்டி, படுக்கவைக்க இருக்கிற கை இரண்டுதானே.

பேச்சு வரட்டும் என்று ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போனது. இரண்டே வாரத்தில் பிள்ளை கையில் பென்சில். புள்ளி வைத்துக் கொடுத்திருப்பார்கள், அதன் மேல் ஏ, பி, சி எழுத வேண்டும். அவளுக்கு டம்ளரையே நேராகப் பிடிக்க வராது. டைரியில் "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று எழுதி அனுப்பினார்கள். ஒருநாள் சாயந்தரம் கூப்பிடப் போனபோது ஈர ஜட்டியோடு மூலையில் நின்றாள், அது காயவே ஆரம்பித்திருந்தது, அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அனுப்பவில்லை. கட்டின பணம் போனது போனதுதான்.

அதற்கப்புறம்தான் செக்கானூரணி பக்கம் எங்கள் அம்மா ஊருக்கே வீட்டை மாற்றிக்கொண்டு போனோம். தினமும் பஸ்ஸில் வந்துபோகிற அலைச்சல் எனக்கு, ஆனால் பிள்ளைக்கு அம்மாச்சி கிடைத்தாள். முதல் வேலையாகக் காது கேட்கிறதா என்று பரிசோதித்தோம். பேச்சு தாமதமாகிற பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான், பலர் இதைத் தாண்டி நாக்குக்கு வசம்பு தேய்க்கப் போய்விடுகிறார்கள். காது நன்றாக இருந்தது. (உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மாமியார் கதையைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை பரிசோதிக்கிற அரசுத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது, அங்கன்வாடிக்கு வருசம் இரண்டு முறை மருத்துவக் குழு வர வேண்டும். எப்போது வருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள், காசு கிடையாது.)

சேர்த்தது ஊர்ப் பால்வாடியில். அங்கன்வாடி என்று போர்டு இருக்கும், எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதையும் இருந்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன். அங்கே கொடுக்கிற சத்துமாவு பாக்கெட்டை எங்கள் தெருவில் பாதிப் பேர் மாட்டுக்குக் கரைத்து ஊற்றுவார்கள். முதல் நாள் எடை போட்டார்கள், 9 கிலோ 600. அட்டையில் எடை குறைவைக் காட்டுகிற மஞ்சள் பட்டைக்குள் போய்ப் புள்ளி விழுந்தது. ஆயா அந்த மாவை லேசாக வறுத்து, வெல்லப்பாகு விட்டு, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்துக் காட்டினார். ஒன்றை நானே தின்றேன். மாட்டுக்கு ஊற்றினதெல்லாம் கண் முன்னால் வந்தது.

ஒரு மாசம் கழித்துப் பால்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்மா, ஒரு நாளைக்கு பாப்பாகிட்ட நீ என்னென்ன பேசுவ?" எவ்வளவோ பேசுவேன் என்றேன். "நேத்துப் பேசினதச் சொல்லு பாப்போம்." சொல்லிப் பார்த்தேன். சாப்பிடு. எடுக்காத. அழாத. இங்க வா. கண்ண மூடு. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிள்ளையிடம் நான் பேசின அத்தனையும் அதட்டலும் ஏவலும்தான், பதில் சொல்வதற்கு அவளுக்கு அதில் இடமே இல்லை.

டீச்சர் திட்டவில்லை. மகளை மடியில் தூக்கி வைத்து, அவள் உள்ளங்கையை விரித்துத் தன் முழங்கையை அதில் ஊன்றிப் பருப்பு கடைய ஆரம்பித்தார். நாம் எல்லாருக்கும் பாட்டிமார் விளையாட்டுக் காட்டினதுதான். கடைந்து முடித்ததும் ஒவ்வொரு விரலாக மடக்கி, இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது அம்மாச்சிக்கு என்று பங்கு வைத்து, கையைக் கழுவி ஊற்றிவிட்டு, அப்புறம் நண்டு ஊர்ந்து ஊர்ந்து கை மேலே ஏறும். டீச்சர் ஒரு காரியம் செய்தார், நண்டை முழங்கை மடிப்பிலேயே நிறுத்திவிட்டார். பேசாமல் பிள்ளை முகத்தையே பார்த்தார். நான் என்றால் அந்த இடத்தில் சடாரென்று அக்குளில் கிச்சுகிச்சு மூட்டி முடித்திருப்பேன். அவர் காத்திருந்தார். மகள் அவர் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள், அப்புறம் "ம்ம்... வா" என்றாள். நண்டு ஓடியது. வீடே அதிரச் சிரிப்பு. அந்த "வா" ஐந்தாவது வார்த்தை.

காத்திருந்ததுதான் விசயம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளை ஒரு சத்தம் கொடுக்க, நாம் பதில் கொடுக்க, திரும்ப அது கொடுக்க, இந்தப் போக்குவரத்தில்தான் மூளைக்குள் இணைப்புகள் பலப்படுகின்றன, புழங்காத இணைப்புகள் நாளாக ஆக உதிர்ந்துவிடுகின்றன. இரண்டு வயசுக்குள் மூளை பெரியவர்கள் மூளையில் ஏறக்குறைய 80 சதவீத அளவுக்கு வளர்ந்துவிடுமாம். டிவி எவ்வளவு பேசினாலும் பிள்ளை சொல்வதற்காக அது காத்திருக்காது.

ஜமைக்காவில் 1986, 87-ல் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். கிங்ஸ்டன் நகரத்தில் ஏழை வீடுகளில், வயசுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகள், வயசு 9 மாசத்திலிருந்து 24 மாசம் வரை. சில வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், கையில் கிடைத்த பொருளில் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாவுக்குப் பழக்கியிருக்கிறார், இரண்டு வருசம். சில வீடுகளுக்கு வாராவாரம் சத்துப் பால்மாவு மட்டும். சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. இருபது வருசம் கழித்துப் போய்ப் பார்த்தால், விளையாட்டும் பேச்சும் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். பால்மாவு மட்டும் வாங்கின பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. 129 பேர் சின்னக் கூட்டம்தான், ஊரும் வேறு, இருந்தாலும் இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் திண்ணையும் காப்பியும்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் வந்தவர் கற்றுக்கொடுத்தது அம்மாவுக்குத்தான்.

சோறு விசயத்தில் நம் ஊரைக் குறை சொல்ல முடியாது. காமராஜர் மதிய உணவு போட்டார், 1982-ல் எம்ஜிஆர் அதைச் சத்துணவாக்கிப் பால்வாடிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார், காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதே நம்ம மதுரை சிம்மக்கல் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தில்தான். பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் பருப்பு கடைய முடியாது, அதனால் சோறு முதலில், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வரும்போதே ஆறு சேவைகள் என்று எழுதினார்கள், தாய்மாருக்குச் சத்தும் சுகாதாரமும் சொல்லிக்கொடுப்பது அதில் ஒன்று, முன்பருவக் கல்வி இன்னொன்று. நம் ஆட்களிடம் பால்வாடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் முட்டையைத்தான் சொல்வார்கள்.

இதில் பெற்றவர்கள் மேலும் தப்பு இருக்கிறது. பிள்ளை மூன்று வயசில் எழுதுகிறதா என்று பார்த்துத்தான் பள்ளிக்கூடம் தேடுகிறோம். அமெரிக்காவில் 1962-ல் தொடங்கி 123 ஏழைப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, பெர்ரி பாலர் பள்ளி என்பார்கள். அங்கே படித்த பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் முதலில் ஏறி, சில வருசத்திலேயே மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் திட்டம் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். நாற்பது வயசு வரை விடாமல் பின்தொடர்ந்ததில்தான், படிப்பை முடித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், போலீசில் மாட்டாதவர்கள் இந்தப் பிள்ளைகளில் அதிகம் என்று தெரிந்தது. அந்த டீச்சர்களும் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். புள்ளி வைத்த எழுத்தில் அதெல்லாம் வராது.

எங்கள் டீச்சர் அப்படி வாராவாரம் வர ஆசைப்பட்டாலும் முடியாது. கணக்கெடுப்பு, பதிவேடு, தடுப்பூசிப் பட்டியல், எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றுவது, சிக்னல் இல்லையென்றால் மாடியேறி நிற்பது. என்னிடம் அன்றைக்கு வந்து உட்கார்ந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மகளுக்கு இப்போது நாலரை வயசு. எடை பச்சைக்கு வந்து ரொம்ப நாளாகிறது. வாயை மூட முடியவில்லை, மாமியார் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. போன வாரம் கடையில் சரக்கு வந்து, நான் பஸ் பிடித்து வீடு சேர ஒன்பது மணி. தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். என் கையை இழுத்து, விரித்து, முழங்கையை ஊன்றிக் கடைய ஆரம்பித்தாள். சின்ன முழங்கை, நன்றாகக் குத்துகிறது. அம்மாச்சிக்கு ஒரு பங்கு, அப்பாவுக்கு, ஆயாவுக்கு, பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கு. கட்டைவிரல் மிச்சம் இருந்தது.

"டீச்சருக்கு?" என்றேன்.

"அவுங்க எழுதிக்கிட்டு இருக்காங்கம்மா. ஆறிப்போயிரும், நீ தின்னு" என்றாள்.