கீழ்ப்பல் வரும் வாரம்

2025 ஜூன் 3, செவ்வாய்

குழந்தைக்கு ஏழு மாதம், எடை 8 கிலோ. கீழ் ஈறு நடுவில் மேடு தட்டியிருக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் கோடு தெரிகிறது. பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் கீழ் நடுப்பல் ஜோடிதான். ஆறாம் மாதம் என்பது பொதுக் கணக்கு. நாலாம் மாதத்திலும் வரும், பன்னிரண்டாம் மாதம் வரை இழுத்தாலும் பயமில்லை. மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். வரிசை மாறி முளைப்பது சகஜம். மாமன் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜொள்ளை மட்டும் வைத்துப் பல் வருகிறது என்று சொல்ல முடியாது. மூன்று, நாலு மாதத்திலேயே எச்சில் அதிகம் ஊறும், அதை விழுங்கத் தெரியாமல் வெளியே வடியும். தாடை சிவந்து பொரிப்பொரியாகிவிட்டால் அழுத்தித் துடைக்காமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தூங்கப்போகும்முன் தாடையிலும் கழுத்து மடிப்பிலும் வாசலின் லேசாகத் தடவினால் ஈரம் தோலில் படாது. கழுத்தில் கட்டிய பிப்பைப் படுக்க வைக்கும்முன் அவிழ்த்துவிட வேண்டும்.

ஜூன் 4, புதன்

ஈறு குறுகுறுப்புக்கு முதல் வைத்தியம் விரல். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆள்காட்டி விரலின் சதைப் பகுதியை மேடான இடத்தில் வைத்து ஒரே சீராக அழுத்த வேண்டும். தேய்த்தால் புண்ணாகும். ஒன்றிரண்டு நிமிடம் போதும். குழந்தையே கடித்துத் தனக்கு வேண்டிய அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது குளிர்ந்த துணி. கைக்குட்டை அளவுப் பருத்தித் துணியின் ஒரு முனையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஃப்ரீசர் கூடாது: உறைந்த துணியும், ஈறுக்குக் கடிக்கக் கொடுக்கும் டீத்தர் பொம்மை உறைந்தாலும், கல்லாகி ஈறைக் காயப்படுத்தும். காய்ந்த முனை பெரியவர் கையில் இருக்கட்டும். டீத்தர் வாங்கினால் ஒரே துண்டாக வார்த்த சிலிகான். உள்ளே தண்ணீரோ ஜெல்லோ அடைத்தது வேண்டாம், பல் பட்டால் ஒழுகும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டவே கூடாது. வெள்ளிக் காப்பையும் கொலுசையும் குழந்தை விடாமல் கடிக்கும், அதனால் மணிச் சலங்கை கழன்று வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பச்சைக் கேரட் துண்டும் ஆபத்து. முன்பல் வந்ததும் பிட்டு எடுத்துவிடும், அரைக்கக் கடைவாய்ப்பல் கிடையாது, தொண்டையில் அடைக்கும்.

தேன் ஒரு வயதுக்கு முன் நாக்கிலும் வைக்கக்கூடாது, ஈறிலும் தடவக்கூடாது. அதில் தசையை முடக்கும் பொட்டுலிசம் நோய்க் கிருமியின் விதைகள் இருக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

மருந்துக்கடையில் கேட்டால் முதலில் நீட்டுவது மரப்பு ஜெல்தான். பென்சோகெய்ன் உள்ளதை இரண்டு வயதுக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்தது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். இன்னொரு மரப்பு மருந்தான லிக்னோகெய்னை ஈறில் தடவினால் ஜொள்ளோடு விழுங்கப்படும், அளவு கூடினால் வலிப்பு வரைக்கும் போகும். கோலின் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு, அதுவும் வேண்டாம். தடவிய சில நிமிடத்தில் எல்லாம் எச்சிலில் கரைந்து போகிறது, பலனும் அவ்வளவுதான். ஒரு காலத்தில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற பவுடரில் பாதரசம் இருந்தது. கை கால் சிவந்து தோல் உரியும் ‘பிங்க் நோய்’ அதனால்தான் வந்தது. பவுடரிலிருந்து பாதரசத்தை எடுத்த பிறகே அது ஓய்ந்தது.

வலி தாங்காமல் பால் குடிக்காத இரவுக்குப் பாரசிட்டமால், டாக்டரைக் கேட்டுவிட்டு. கணக்கு எடையை வைத்து: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., ஆக 8 கிலோவுக்கு 120 மி.கி. தவறு நடக்கிற இடம் பாட்டில். சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. என்றால் 1.2 மி.லி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 என்றால் 4.8 மி.லி., 250 என்றால் 2.4 மி.லி. 125 சிரப்பின் அளவைச் சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து எடுத்தால் நாலு மடங்கு உள்ளே போகும். லேபிளைப் படித்துவிட்டு, அந்தப் பாட்டிலோடு வந்த ட்ராப்பரிலேயே அளக்க வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம், நாளுக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. கொடுத்த நேரத்தைச் சுவர்க் காலண்டரில் எழுதினால் பாட்டி ஒரு தடவை, அப்பா ஒரு தடவை என்று ஊற்றுவது நிற்கும்.

ஜூன் 7, சனி

“பல்லு வைக்கிற நேரம், வயிறு போகத்தான் செய்யும்.” இந்தப் பேச்சால்தான் வைத்தியம் தள்ளிப்போகிறது. பல்லால் உடம்பு லேசாகச் சுடலாம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால் காரணம் வேறு. ஆறு மாதத்தை ஒட்டித் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, திட உணவு தொடங்குகிறது, தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. பல்லும் அதே நேரத்தில் வருவதால் பழி அதன் தலையில். தண்ணீராகப் போனால் ஓ.ஆர்.எஸ்., ஒவ்வொரு முறைக்கும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கம்தான் பெரிய பாடு. 2000இல் வெளியான அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் ஆய்வொன்று 125 குழந்தைகளைத் தினமும் கவனித்தது. பல் வெளியே தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்து, தெரிந்து மூன்று நாள் வரைதான் தொந்தரவு கூடியது. ஆக, தெரிந்த நாளையும் சேர்த்து ஒரு பல்லுக்கு எட்டு நாள். மூன்று வாரமாக ராத்தூக்கம் இல்லை என்றால் அது முழுக்கப் பல்லின் வேலையாக இருக்காது. வலித்த நாளில் பழக்கியது ஒட்டிக்கொண்டிருக்கும்.

குழந்தையின் தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுற்று முடியும்போது லேசாக விழிக்கும். தூங்கும்போது இருந்தது இருந்தால் மறுபடி கண் மூடும். தூளியில் ஆட்டி ஆட்டித் தூங்கியது, ஆட்டம் நின்றிருந்தால் அழும். முனகல் கேட்டதும் தூக்க வேண்டாம். கண் மூடியபடியே முனகுவது உண்டு, தூக்கினால்தான் முழுதாக விழிக்கும். ஒரு நிமிடம் பொறுத்து, நெஞ்சில் கை வைத்து, அப்புறம் குளிர்ந்த துணி. கடைசியாகக் குடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் பால். விளக்கு, பேச்சு, மொபைல் வெளிச்சம் எதுவும் வேண்டாம். தூளியை விலக்க, கண் சொருகும்போதே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அது பழகியதும் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தட்டிக் கொடுக்கலாம். புரளவும் உட்காரவும் தொடங்கிய குழந்தையை ஆளில்லாமல் தூளியில் விடுவது எப்படியும் சரியில்லை, துணி முகத்தைச் சுற்றிக்கொள்ளும்.

ராத்திரி நன்றாகத் தூங்கட்டும் என்று பகல் தூக்கத்தை வெட்டினால் எதிராகவே முடியும். ஏழு மாதத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் விழித்திருந்ததும் படுக்க வைக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு முறை வைத்தால் பிழைக்கலாம்: ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை ஒருவர், அதன்பின் மற்றவர். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதும் துண்டு துண்டாக ஆறு மணி நேரம் கிடைப்பதும் ஒன்றல்ல. சோபாவில் சாய்ந்து குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண் அயர்வது ஆபத்து.

ஜூன் 12, வியாழன்

பால் குடிக்கும்போது கடி. உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும், அப்போது கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும் கடைசி நிமிடத்தில்தான் கடிக்கும். விழுங்கும் சத்தம் நின்றதும் சுண்டுவிரலை வாய் ஓரத்தில் நுழைத்துப் பிடியை விடுவிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காம்பு கிழியும். கொடுப்பதற்கு முன் ஈறைக் குளிர்ந்த துணியால் ஒற்றினால் பாதிப் பிரச்சினை வராது.

ஜூன் 15, ஞாயிறு

ஸ்பூன் பட்டால் டிங் என்கிறது. இனிமேல் காலை, ராத்திரி இரண்டு வேளையும் குழந்தை பிரஷ்ஷில் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் மேல் முன்பற்கள் முதலில் சொத்தையாகும். யாழ்ப்பாணத்து வழக்கப்படி முதல் பல் வந்ததும் குழந்தையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற வீட்டில், கொழுக்கட்டையில் பல் மாதிரிச் செருகிய தேங்காய்ச் சொட்டு குழந்தையின் கைக்கு எட்டாமல் உடனே பொறுக்கிவிட வேண்டும்.