தேர்தல் இரவில் கண்ணீரைச் செய்தியாக்குவது

2008 நவம்பர் 4. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 11 மணி அடித்ததும் சேனல்கள் எல்லாம் பராக் ஒபாமா ஜெயித்துவிட்டதாக அறிவித்தன. இந்தியாவில் அப்போது 5ஆம் தேதி காலை 9.30. காலைப் பேப்பர்கள் வீடு வந்து சேர்ந்துவிட்ட நேரம். யோகம் அடித்தது மாலைப் பேப்பர்களுக்கு. ஆனால் தேர்தல் டெஸ்க்கில் உட்காருகிறவர்களுக்கு அது 11 மணிச் செய்தியே அல்ல. பென்சில்வேனியாவின் 21, ஒஹையோவின் 20 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு மாநிலம் ஒதுக்கிய வாக்குகள்) இரண்டும் ஒபாமா பக்கம் விழுந்தபோதே, அதாவது ஒன்பதரை வாக்கிலேயே, கணக்கு முடிந்துவிட்டது. ஜெயிக்கத் தேவை 270. பதினொன்றுக்கு வாக்குப்பதிவு முடியும் மாநிலங்களில் கலிஃபோர்னியா 55, வாஷிங்டன் 11, ஓரெகன் 7, ஹவாய் 4. நான்கும் ஜனநாயகக் கட்சிக்கு எழுதிவைத்தது போன்றவை. கூட்டினால் 77. அதற்கு முன்னால் 193 சேர்ந்தால் போதும். ஒஹையோ போனபிறகு அது சேராமல் போக வழியில்லை.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? 1980இல் பட்ட சூடு. ரீகன் ஜெயித்தார் என்று என்பிசி சேனல் இரவு 8.15க்கே அறிவித்தது. ஜிம்மி கார்ட்டர் பத்து மணிக்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். மேற்குக் கரையில் அப்போது வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கலைந்து போனார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. ஒரு மாநிலத்தில் பதிவு முடியும்முன் அதன் முடிவைச் சொல்வதில்லை என்று சேனல்கள் பிறகு நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கொடுத்தன. 2000இல் ஃப்ளோரிடாவை முதலில் அல் கோருக்குக் கொடுத்து, பிறகு பிடுங்கி, புஷ்ஷுக்குக் கொடுத்து, அதையும் பிடுங்கிய அவமானம் வேறு. ஆகவே 2008இல் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் டெஸ்க்கில் உண்மையான வேலை நடக்கிறது. ஒபாமா ஜெயித்தால் ஒன்று, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் ஜெயித்தால் ஒன்று என்று இரண்டு முதல் பக்கமும் முந்தின வாரமே தயாராக இருக்கும். இந்தத் தேர்தலில் மெக்கெய்ன் பக்கத்தை ஒப்புக்குச் செய்து வைக்கவில்லை. கருத்துக்கணிப்புகள் ஒபாமாவுக்கு ஏறக்குறைய 7 புள்ளி முன்னிலை காட்டினாலும் மூத்த ஆசிரியர்கள் மனத்தில் 1982 இருந்தது. அந்த ஆண்டு கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில், கணிப்புகளில் முந்தியிருந்த கறுப்பின வேட்பாளர் டாம் பிராட்லி கடைசியில் தோற்றார். கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு வாக்குச்சீட்டில் வேறொன்று செய்யும் வெள்ளை வாக்காளர்கள் உண்டு என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. 2008இல் அது நடக்கவில்லை. கணிப்பும் முடிவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன: தேர்வாளர் வாக்கில் 365க்கு 173.

எண்ணை எழுதுவது சுலபம். தடுமாற வைப்பது மக்களின் உணர்ச்சியைச் சொல்லும் செய்தி. அதில் பெரும்பாலும் என்ன வருகிறது என்றால், ‘மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்’. கிரிக்கெட் வெற்றிக்கும் இதே வரிதான், இதற்கும் இதே வரிதான். அழுதது யார், அந்த நேரத்தில் அவருக்கு யார் ஞாபகம், எத்தனை வயது, எந்த ஊர் என்று கேட்காவிட்டால் அந்தக் கண்ணீரில் செய்தி இல்லை.

கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனை எடுத்துக்கொள்ளலாம். சிகாகோ கிராண்ட் பார்க்கில் ஒபாமாவின் வெற்றிக் கூட்டத்துக்குச் சுமார் 2,40,000 பேர் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவராக, கையில் சின்னக் கொடியோடு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிய நின்றார். கேமராக்கள் திரும்பத் திரும்ப அந்த முகத்துக்கே போயின. ஆனால் படத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட விடுதியில் ஜாக்சன் இருந்தார். 1984இலும் 1988இலும் அவரே அதிபர் வேட்பாளர் ஆக முயன்று கட்சிக்குள்ளேயே தோற்றார். அதே 2008 ஜூலையில், மைக் அணைந்துவிட்டதாக நினைத்து ஒபாமாவைக் கொச்சையாகத் திட்டி, அது வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். துக்கம், பெருமிதம், கொஞ்சம் தோல்வி, கொஞ்சம் வெட்கம் எல்லாம் ஒரே முகத்தில். கேப்ஷனில் இரண்டு வரிக்குத்தான் இடம் உண்டு; 1968ஐயும் 1988ஐயும் அதில் வைத்துவிட்டால் மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். அதே இரவில் சிஎன்என் தன் நிருபரை ஸ்டூடியோவுக்குள் முப்பரிமாண உருவமாக ‘வரவழைத்து’ வித்தை காட்டியது. இன்று அதை ஞாபகப்படுத்திச் சொன்னால்தான் சிரிப்பு வருகிறது.

ஆளை எங்கே அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். கிராண்ட் பார்க்குக்குப் போகாதவர்கள் இல்லை. அந்தப் பூங்காவிலேயே 1968 ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது போலீஸ் இளைஞர்களை அடித்து நொறுக்கியது என்பதால் அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. அட்லாண்டாவில் கிங் போதகராக இருந்த எபனேசர் தேவாலயம், நியூயார்க் ஹார்லெமில் 125ஆம் தெரு, வாஷிங்டனில் 14ஆம் தெருவும் யூ தெருவும் சந்திக்கும் முனை, இவையெல்லாம் இரண்டாம் வரிசை. கிங் கொல்லப்பட்ட இரவில் வாஷிங்டன் கலவரம் தொடங்கியது அந்த முனையில்தான். நாற்பது வருடம் கழித்து அங்கே முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து ஆடினார்கள், கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன. இடத்தின் வரலாறு தெரிந்து போன நிருபருக்குப் பாதிச் செய்தி அங்கேயே கிடைத்தது. தெரியாமல் போனவர் ‘இளைஞர்கள் உற்சாகம்’ என்று எழுதி அனுப்பினார்.

அழுகிறவரிடம் மைக்கை நீட்டி ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்றால் ‘வார்த்தையே இல்லை’ என்பார். சரியான பதில்தான், ஆனால் பத்திரிகைக்கு உதவாது. கொஞ்சம் பொறுத்து, ‘இப்போது யாரை நினைத்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். அப்பா, பாட்டி, செத்துப்போன அண்ணன் என்று பதில் வரும். அன்றிரவு வயதானவர்கள் பலர் சொன்னது, ‘அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்’ என்பதுதான். ஜாக்சனே தன் கண்ணீரைப் பற்றிக் கேட்டபோது கிங்கையும், அவரைப் போலவே சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸையும்தான் சொன்னார். பெயரின் எழுத்தைச் சரிபார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் கேட்டால் அழுகையும் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும்.

அடுத்தது சரிபார்ப்பு. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. உணர்ச்சி வேகத்தில் அம்மாவின் கதை தன் கதை ஆகிவிடும். ‘என்னை வாக்குப் போட விடவில்லை’ என்று ஒருவர் சொன்னால் வயதையும் மாநிலத்தையும் உடனே பொருத்திப் பார்க்க வேண்டும். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை எழுத்தறிவுத் தேர்வு வைத்தும், தலைவரி கேட்டும், சில இடங்களில் துப்பாக்கி காட்டியும் தடுத்தார்கள். தேசியத் தேர்தலில் தலைவரியை 1964இன் 24ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது. மற்ற தடைகளை உடைத்தது 1965 ஆகஸ்டின் வாக்குரிமைச் சட்டம். அன்று வாக்களிக்கும் வயது பெரும்பாலான மாநிலங்களில் 21. நாடு முழுக்க 18 ஆனது 1971இல். ஆகவே மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ தானே தடுக்கப்பட்டவர் 2008இல் குறைந்தது 64 வயதைத் தொட்டிருக்க வேண்டும். 58 வயதுக்காரர் சொன்னால் அது பெற்றோர் அனுபவம். சிகாகோவில் பிறந்தே வளர்ந்தவர் சொன்னாலும் ‘எந்த ஊரில்’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே கறுப்பினத்தவர் பல தலைமுறைகளாக வாக்களித்து வந்தவர்கள். கதையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ‘என் அம்மாவை விடவில்லை’ என்று திருத்தினால் அதன் கனம் குறைந்துவிடாது. ஒபாமாவே தன் வெற்றி உரையில் இந்தக் கணக்கைப் பிசகாமல் செய்தார்: அட்லாண்டாவின் ஆன் நிக்சன் கூப்பர், வயது 106. பெண் என்பதாலும் தோலின் நிறத்தாலும் என இரண்டு காரணத்தால் வாக்கு மறுக்கப்பட்ட காலத்தில் பிறந்தவர், அன்று தொடுதிரையில் விரல் வைத்து வாக்களித்தார்.

பலர் விட்டுவிடுகிற இடம் மறுபக்கம். ‘அமெரிக்கா அழுதது’ என்று தலைப்பு வைப்பதற்கு முன் வாக்குச்சாவடிக் கணிப்பை ஒரு தடவை பார்க்க வேண்டும். கறுப்பினத்தவரில் 95 சதவீதம் ஒபாமாவுக்கு. வெள்ளையர்களில் 43 சதவீதம்தான், மெக்கெய்னுக்கு 55. அலபாமாவில் வெள்ளையர் வாக்கு பத்துக்கு ஒன்றுதான் ஒபாமாவுக்கு விழுந்தது. ஃபீனிக்ஸில் மெக்கெய்ன் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியபோது அவர் ஆட்களே கூச்சல் போட்டார்கள்; கையைக் காட்டி அடக்கினார். 1901இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்குச் சாப்பிட அழைத்ததற்கே நாடு கொதித்ததை எடுத்துச் சொல்லி, இந்த வெற்றி கறுப்பின மக்களுக்கு எவ்வளவு பெரியது என்று எதிரியின் வாயாலேயே சொன்னார். பல பத்திரிகைகள் இதை உள்பக்கத்தில் ஒரு பெட்டியில் அடைத்தன. முதல் பக்கத்துக்கு உரிய உணர்ச்சி அது என்பதே என் கருத்து.

அதே இரவில் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் 8ஆம் முன்மொழிவு 52 சதவீதத்தோடு நிறைவேறியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒபாமாவுக்காக ஆனந்தமாக அழுதவரே அடுத்த மணி நேரத்தில் வேறு காரணத்துக்கு அழுதார். மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பினத் தேவாலயம் வெற்றி அறிவித்த சில மணி நேரத்தில் தீயில் எரிந்தது. தீ வைத்த மூன்று வெள்ளை இளைஞர்கள் பிறகு தண்டனை பெற்றார்கள். கிராண்ட் பார்க் மேடையின் இரு பக்கமும் துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடி நின்றதற்கும் காரணம் இருந்தது. கூட்டத்தில் இருந்த வயதானவர்கள் சந்தோஷத்தோடு சேர்த்துப் பயத்தையும் சொன்னார்கள். அந்தப் பயத்தை வெட்டிவிட்டு மகிழ்ச்சியை மட்டும் பக்கத்தில் ஏற்றுவது எடிட்டிங் ஆகாது.

அச்சகத்துக்கு வருவோம். கிழக்குக் கரைப் பத்திரிகைகளின் முதல் பதிப்பு பெரும்பாலும் பதினொன்றுக்கு முன்பே பக்கம் முடித்து வெளியூருக்குப் போய்விடும். மெக்கெய்ன் பேசியது சுமார் 11.18க்கு, ஒபாமா மேடை ஏறியது நள்ளிரவில். உரையும் படமும் கடைசி நகரப் பதிப்பில்தான் ஏற முடியும். நியூயார்க் டைம்ஸ் ‘ஒபாமா’ என்ற ஒற்றைப் பெயரைத் தலைப்பாக்கியது. சிகாகோ சன்-டைம்ஸ் முழுப் பக்கப் படத்தோடு ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ என்று மட்டும் போட்டது.

விடிந்ததும் கடைகளில் பேப்பர் காலி. எட்டாவது அவென்யூவில் நியூயார்க் டைம்ஸ் அலுவலக வாசலில் வரிசை நின்றது. ஒன்றரை டாலர் விலைப் பேப்பர் இணைய ஏலத்தில் பல மடங்குக்குப் போனது. கணக்குத் தப்பியதன் காரணம் எளிது. கடைக்கு எத்தனை பிரதி என்பதை முந்தைய வாரங்களின் விற்பனையையும் திரும்பி வந்த பிரதிகளையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து முடித்தவர்கள் அதையே காகிதத்தில் வாங்க ஐந்து, பத்து பிரதி என்று கேட்பார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. மறுபடி அச்சடிக்கலாமா என்றால், அலுமினியப் பிளேட்டுகள் ஓட்டம் முடிந்ததும் உருக்கப் போய்விடும். வண்ணப் பக்கம் ஒன்றுக்கு நான்கு பிளேட் புதிதாக அடிக்க வேண்டும். அது சீக்கிரம் முடியும். வீட்டுக்குப் போன இரவு ஷிஃப்டைத் திரும்பக் கூப்பிடுவதும், காலிசெய்துவிட்டுப் போன லாரிகளைத் திருப்பிக் கொண்டுவருவதும்தான் நேரத்தைத் தின்னும். நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சிகாகோ டிரிபியூன் எல்லாம் அன்றே கூடுதலாக அச்சடித்தன.

வாங்கியவர்கள் பலர் செய்த தவறு லேமினேட் செய்தது. செய்தித்தாள் மரக்கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுத்து நொறுங்கும். சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைக்க வேண்டும். அமிலமற்ற அட்டைப்பெட்டியில், பக்கத்துக்குப் பக்கம் அமிலமற்ற தாள் போட்டு, வெளிச்சமில்லாத, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் பல பத்து ஆண்டு தாங்கும். உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை, பிவிசி ஆகாது. ரப்பர் பேண்டு, செல்லோடேப், குண்டூசி எதுவும் படக்கூடாது. மாடி அறையும் கார் ஷெட்டும் வேண்டாம், வெயில் காலச் சூட்டில் காகிதம் சீக்கிரம் பழுத்துவிடும். சுவரில் மாட்ட ஆசை என்றால் நல்ல நகல் ஒன்றை எடுத்துச் சட்டம் போட்டுவிட்டு அசலைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.