ஒப்படைக்கும் வரை

16.3.2024, சனி

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நமக்கு ஏப்ரல் 19. சாயங்காலம் டிவியில் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலில் இருந்து அப்பா கேட்டார்: "நோட்டீஸ் வந்துச்சா?"

இடுப்பில் தகடு வைத்துப் பதினேழு நாள் ஆகிறது. தண்ணீர் கேட்கவில்லை, மாத்திரை கேட்கவில்லை. துப்பாக்கியைத்தான் கேட்கிறார்.

17.3.2024

காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டார்.

18.3.2024, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. போலீஸ்காரர் வாசலிலேயே நின்று கையெழுத்து வாங்கினார். லைசென்ஸ் ஆயுதங்களை ஏழு நாளுக்குள் காவல் நிலையத்திலோ, அனுமதி பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். 25ஆம் தேதி கடைசி.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா இதைத் தனியாகவே செய்துவிடுவார். பையைத் தோளில் மாட்டி, டிவிஎஸ் ஐம்பதில் போய், ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். ஸ்டேஷன் இங்கிருந்து 12 கிலோமீட்டர். இதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது. அவரால் எழுந்து உட்கார முடியாது. ஆறு வாரம் வண்டிப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி இருக்கிறார். நான் எடுத்துக்கொண்டு போகலாமா? வழியில் நிறுத்திக் கேட்டால் என் கையில் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டேஷனுக்கு போன் செய்தேன். எடுத்தவர், "அப்பாகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கிட்டு நீங்களே கொண்டாந்துடுங்க சார், பரவாயில்லை" என்றார்.

பரவாயில்லை என்பதை அவர் போனில் சொல்கிறார். ராயக்கோட்டை ரோட்டில் பறக்கும் படை நிறுத்தும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

19.3.2024, செவ்வாய்

தூக்கம் இல்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தை போனில் இறக்கிப் படித்தேன். மூன்றாவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத ஒருவர், லைசென்ஸ்தாரர் கூடவே இருந்தாலோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தாலோ, துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். எதற்காக என்றும் அதிலேயே இருக்கிறது. பழுது பார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, லைசென்ஸ்தாரரின் உபயோகத்துக்கு.

ஒப்படைக்க என்ற சொல் அதில் இல்லை. நான்கு முறை படித்துவிட்டேன்.

கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். "நோட்டீஸ் நகல், லெட்டர், லைசென்ஸ் மூணும் இருந்தா யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்றார். போட மாட்டார்கள் என்பதும் போட முடியாது என்பதும் ஒன்றா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவை எப்படியாவது வண்டியில ஏத்த முடியுமா பாருங்க. அவர் இருந்தா அவர் துப்பாக்கியை அவர் கொண்டுபோறார். பேச்சே இல்லை" என்றார்.

ராத்திரி தோட்டாக்களை எண்ணினேன். பழைய ஹார்லிக்ஸ் டப்பா, உள்ளே துணி, துணிக்குள் தோட்டா. அப்பாவின் நோட்டில் நீல மையில் 14 என்று இருக்கிறது. வாங்கியது, சுட்டது, மீதி எல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். பட்டாளத்துக் கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது.

டப்பாவில் 13.

மறுபடி எண்ணினேன். 13.

20.3.2024, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும்.

காலையில் குழந்தைகளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவை அடுப்படிக்குப் போகச் சொன்னேன். பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். 315 போர் ரைஃபிள் (போர் என்பது குழலின் உள் அளவு), இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அப்பா ரிட்டயர் ஆகி வந்த அடுத்த வருடம் வாங்கியது. நினைத்ததைவிட கனம்.

வண்டியில் ஏற்றும் முன் காலி செய்து, தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று அப்பா நேற்றே சொல்லிவிட்டார். "காலியாத்தான் இருக்கும். இருந்தாலும் பாரு." கட்டிலில் படுத்தபடியே சொல்லிக் கொடுத்தார். நான் திண்ணைக் கதவருகே, வாசல் மண் மேட்டைப் பார்த்து நின்றேன்.

"துப்பாக்கி மூக்கு மண்ணைப் பார்க்கட்டும். எப்பவும் மண்ணைத்தான் பார்க்கணும்."

"விரலை வெளிய வை. ட்ரிக்கர்கிட்டயே போகக் கூடாது."

"அடியில இருக்கற தோட்டாப் பெட்டி, அந்த மேகசினைக் கழட்டு."

மேகசின் காலி.

"போல்ட்டைத் தூக்கி மெதுவா பின்னால இழு."

இழுத்தேன். எண்ணெய் வாசனை வந்தது. கூடவே மஞ்சளாய் ஒன்று எகிறி என் பாதத்தில் பட்டு, சிமெண்டுத் தரையில் விளிம்பு உரசிக்கொண்டே வட்டமடித்து, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

பதினான்காவது தோட்டா.

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அப்புறம், "விரலை விட்டுத் தடவிப் பாரு, இன்னும் இருக்கா" என்றார். குரலே மாறிவிட்டது. சுண்டு விரலை விட்டுத் தடவினேன். குளிர்ந்த இரும்புதான். காலி.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா விழுந்த பிப்ரவரி 26இல் இருந்து இன்றைக்கு 23 நாள். 23 நாளும் அது பீரோவுக்குள், பாப்பாவின் பாவாடை சட்டைகளுக்குப் பக்கத்தில், தோட்டாவோடு நின்றிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அவள் அதே பீரோவைத் திறந்து பட்டுப் பாவாடை எடுத்தாள். நான்தான் சாவியைக் கொடுத்தேன்.

21.3.2024

மத்தியானம் கஞ்சி வேண்டாம் என்றார். ராத்திரியும் வேண்டாம் என்றார்.

22.3.2024, வெள்ளி

கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். சின்ன வயதில் நான் பொம்மைத் துப்பாக்கியைத் தம்பியின் பக்கம் நீட்டியதற்கு முதுகில் அறைந்தவர். வீட்டுக்குள் வரும்போதெல்லாம் வாசலிலேயே மண்ணைப் பார்த்து மூன்று முறை போல்ட்டை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் நுழைவார்.

அவரிடமே இப்படி நடக்கும் என்றால், காலியாகத்தான் இருக்கும் என்று சொல்லி எத்தனை பேர் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போகிறார்களோ. வண்டிக்குள் சுற்றிலும் ஆட்கள். ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? காலி என்று வேறு யார் சொன்னாலும் இனி நான் நம்ப மாட்டேன். என் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

23.3.2024, சனி

சாயங்காலம் சித்தப்பா மகன் வந்தான். அப்பாவுக்கு ஸ்டேஷன் வேண்டாம், சேலத்துக் கடையில் கொடுக்கலாம் என்று ஓர் ஆசை. ஸ்டேஷனில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பார்கள், துரு ஏறிவிடும், 2019இல் திரும்பி வந்தபோது பேரல் முழுக்கப் புள்ளி புள்ளியாய் இருந்தது என்று இரண்டு நாளைக்கு அப்புறம் வாய் திறந்து பேசினார். துருவைப் பற்றி மட்டும்.

அதற்கு இவன், "அண்ணா, கிருஷ்ணகிரி ரோட்ல டோலுக்கு டோல் செக்கிங். அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம்னு காட்டு வழியாப் போயிடலாம். ஒருத்தரும் கேட்க மாட்டாங்க" என்றான்.

எனக்கு உடம்பே ஆடிவிட்டது. அந்தப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 2014இல் அறிவித்தது. வன உயிரினச் சட்டம் 31ஆம் பிரிவில், முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையவே கூடாது. லைசென்ஸ் இருந்தாலும்தான். யானைக் காட்டுக்குள் ரைஃபிளோடு ஒரு வண்டி பிடிபட்டால், நாங்கள் ஒப்படைக்கப் போகிறோம் என்று சொல்வதை யார் நம்புவார்கள்?

அதைவிட முக்கியமாக, நாம் ஏன் ஒளிந்து போக வேண்டும்? காகிதம் சரியாக இருப்பவன் செக்கிங் இருக்கும் ரோட்டில்தான் போக வேண்டும். அவனிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். காபி குடிக்காமல் போய்விட்டான்.

சேலம் வேண்டாம். 130 கிலோமீட்டர் அப்பாவால் ஆகாது. ஸ்டேஷன்தான்.

பத்து மணிக்கு அப்பா கூப்பிட்டார். "நான் வரேன். மெத்தை போடு."

24.3.2024, ஞாயிறு

டாக்டருக்கு போன். படுத்தபடியே, வேகம் இருபது இருபத்தைந்துக்கு மேல் போகாமல், காலுக்கு நடுவில் தலையணை கொடுத்து, போய் வர ஒரே ஒரு தடவை. அரை மனதோடு சொன்னார்.

ஆம்னி வேனில் நடு சீட்டைக் கழற்றினேன். ஸ்டேஷனுக்குச் சொல்லி வைத்தாயிற்று, காலை 10 மணி. நோட்டீஸ் அசல், லைசென்ஸ் புத்தகம், ஆதார், தோட்டா வாங்கிய பில் எல்லாம் ஒரே கவரில். கவரை டேஷ்போர்டுக்குள் வைக்காதே, கைக்கு எட்டும் இடத்தில் வெளியிலேயே வை என்கிறார் அப்பா. "போலீஸ் நிறுத்தினா டப்பாவுக்குள்ள கைய விடாத. ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல. முதல்ல வாயால சொல்லு."

25.3.2024, திங்கள்

முடிந்தது. நிதானமாக எழுதுகிறேன்.

கிளம்பும் முன் மறுபடி பார்த்தேன். மேகசின் காலி. விரல் விட்டேன், காலி. அம்மாவைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்து, "ஒண்ணும் இல்லைடா" என்றாள். போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்து, தலையைத் தூக்கிவிட்டு உருவினேன். அதைத் துணியில் சுற்றித் தனிப் பையில் வைத்தேன். தோட்டா பதினான்கும் பூட்டு போட்ட இரும்புப் பெட்டியில், முன்சீட்டுக்குக் கீழே. துப்பாக்கி அப்பாவின் பழைய கான்வாஸ் பைக்குள், வெளியே துளியும் தெரியாமல், அவர் மெத்தைக்குப் பக்கத்தில், மூக்கு பின்கதவைப் பார்த்து. இரண்டு இடத்தில் கயிறு கட்டினேன். அப்பா கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு சுத்து" என்றார்.

12 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கையைப் பையின்மேல் வைத்திருந்தார். வழியில் பெட்ரோல் பங்க் இருந்தது, அங்கேகூட நிறுத்தவில்லை. நேற்றே போட்டுவிட்டேன்.

மாந்தோப்பு வளைவில் பறக்கும் படை. கேமராக்காரர் ஒருவர், அதிகாரி ஒருவர், இரண்டு போலீஸ். எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீரிங் மேல் வைத்து, "சார், வண்டியில லைசென்ஸ் ரைஃபிள் இருக்கு. தோட்டா இல்லை, தனிப் பெட்டியில இருக்கு. ஒப்படைக்கப் போறோம். லைசென்ஸ்தாரர் எங்க அப்பா, பின்னால படுத்திருக்கார்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

கவரை வாங்கினார்கள். பையின் வாயைத் திறந்து நம்பரைப் பார்த்தார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் நம்பரோடு சேர்த்துக் கேமராவில் காட்டினார்கள். பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். எண்ணும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "பதினாலு" என்றார் அதிகாரி. "சரியா இருக்கு. மெதுவா போங்க."

ஸ்டேஷனில் உதவி ஆய்வாளரே வெளியே வந்துவிட்டார். அப்பாவை இறக்க விடவில்லை. ரசீதுப் புத்தகத்தை வேனுக்குள் நீட்டி, படுத்தபடியே கையெழுத்து வாங்கினார். துப்பாக்கியின் கழுத்தில் அட்டை கட்டினார்கள். போல்ட், மேகசின், தோட்டா 14 எல்லாம் ரசீதில் ஏறியது.

வண்டி திரும்பும்போது அப்பா ஒரு இளம் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "தம்பி, சுவத்துல சாய்க்காதீங்க. ஓதம் ஏறும்."

"சரிங்க ஐயா."

26.3.2024

நாள் முழுக்கத் தூங்கினார். வலி மாத்திரை இரண்டு.

9.4.2024

பிசியோதெரபி. கட்டில் விளிம்பில் எட்டு நிமிடம் உட்கார்ந்தார்.

14.4.2024, ஞாயிறு

வருடப் பிறப்பு. பாயசம் கேட்டுக் குடித்தார். பாப்பா புதுப் பாவாடையோடு வந்து காலில் விழுந்தாள். அவள் தலையில் வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

ராத்திரி அவராகவே சொன்னார். "தக்காளித் தோட்டத்துல பன்னிச் சத்தம். மேல பார்த்து ஒண்ணு போடலாம்னு போல்ட்டைத் தள்ளினேன். அப்புறம் இந்தத் தோட்டா எங்க போய் விழும்னு யோசனை வந்துச்சு, அந்தப் பக்கம் வீடு இருக்கேன்னு. சுடாமத் திரும்பினேன். வாய்க்கால்ல கால் போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து: "ஆஸ்பத்திரியில பத்து நாள். ஒரு நாள்கூட ஞாபகம் வரல பாரு."

வலி மருந்து அப்படி, யாருக்கும் வராது என்றேன். தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

19.4.2024

ஓட்டு. வீட்டுக்கே வந்து வாங்குவது 85 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று உள்ளவர்களுக்கும்தானாம். அப்பாவுக்கு 71. சக்கர நாற்காலியில் போனோம்.

8.6.2024, சனி

தேர்தல் நடத்தை விதிகள் முடிந்துவிட்டன. திங்கட்கிழமை ரசீதோடு வரச் சொன்னார்கள். வாக்கரோடு வாசல் வரை நடக்கிறார். முன்சீட்டில் உட்கார்ந்து வருவாராம்.

மத்தியானம் கேட்டார். எழுபது தாண்டினால் வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாமே, உன் பேருக்கு எழுதிக் கொடுக்கட்டுமா?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கான்வாஸ் பையை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். பீரோவில் இருந்து பாப்பாவின் துணிகளை எடுத்து வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டேன். பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்க நாளைக்குக் கிருஷ்ணகிரி போக வேண்டும்.