மேல்தொட்டி நிறைந்ததும் அடிக்கும் பஸர்: மைக்ரோகன்ட்ரோலருக்கு ஒரு முதல் வேலை

மைக்ரோகன்ட்ரோலரில் (நிரல் ஏற்றி இயக்கும் சிறு சிப்) எல்.இ.டி.யைச் சிமிட்ட வைத்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அடுத்து எதைச் செய்வது என்று தெரிவதில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் அந்த வேலை மாடியிலேயே காத்திருக்கிறது. முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு என்று நீளும் வீட்டில் பின்கட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு முகப்புக்கு வந்துவிட்டால், தொட்டி வழிவது காதில் விழாது.

வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு, 10 கிலோஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, பிசி547 டிரான்சிஸ்டர், 5 வோல்ட் ஆக்டிவ் பஸர், இரண்டு எவர்சில்வர் போல்ட், தொட்டி வரை எட்டும் இரட்டை ஒயர்.

போர்டில் விளக்கு எரிந்தும் கணினி அதைக் காணவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிளில் டேட்டா ஒயர் இருக்காது. விலை குறைந்த போர்டுகள் பலவற்றுக்கு சிஎச்340 டிரைவர் (போர்டைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருள்) வேண்டும். நிரல் ஏற மறுத்தால், போர்டு செருகிய யுஎஸ்பி போர்ட்டையே கணினியில் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 0, 1 பின்களில் எதுவும் செருகியிருக்கக் கூடாது.

பஸரை நேராகப் பின்னில் கொடுக்க வேண்டாம். ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியர் வரை நல்லது, 40 தாண்டவே கூடாது. 9ஆம் பின்னிலிருந்து 1 கிலோஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, 5 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவே பஸர்.

இனித் தண்ணீர். பெரும்பாலோர் ஒரு கம்பிக்கு 5 வோல்ட்டை நிரந்தரமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே திசையில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருந்தால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்துகொண்டே போகும். செம்புக் கம்பி என்றால் கொஞ்ச நாளில் பச்சைக் களிம்பு. குடிக்கும் தண்ணீரில் அது கலப்பது நல்லதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) ஆராயும் துறைகளில் அரிமானமும், அதாவது உலோகம் அரிக்கப்படுவதும், ஒன்று. காரைக்குடியில் கற்பவர்கள் அதைச் சொந்தத் தொட்டியிலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

தீர்வு எளிது. ஒரு போல்ட் 7ஆம் பின்னுக்கு. இன்னொன்று ஏ0-வுக்கு (வோல்ட்டேஜை எண்ணாகப் படிக்கும் அனலாக் பின்); அதே இடத்திலிருந்து 10 கிலோஓம் வழியாக 8ஆம் பின்னுக்கு. 7 ஹை, 8 லோ வைத்து 2 மில்லிசெகண்ட் கழித்து ஏ0-வைப் படியுங்கள். உடனே திசையை மாற்றி (7 லோ, 8 ஹை) அதே 2 மில்லிசெகண்ட். பிறகு இரண்டும் லோ. 10 விநாடிக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போல்ட் நெடுநாள் தாங்கும்.

காய்ந்திருக்கும்போது 0-வை ஒட்டிய எண் வரும். நனைந்தபின் வரும் எண் தண்ணீரைப் பொறுத்தது: உப்புத் தண்ணீருக்கு ஏறும், வளவில் பிடித்த மழைத்தண்ணீருக்கு நன்றாக இறங்கும். அதனால் யாரோ எழுதிய எண்ணைப் போடாதீர்கள். போர்டு அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் காய்ந்த எண், நனைந்த எண் இரண்டையும் பார்த்து, நனைந்ததென்று கொள்ளும் எல்லையை நடுவில் வையுங்கள். போல்ட்டுகளை ஒரே பிளாஸ்டிக் துண்டில் முடுக்கினால், ஈரப் படலமே தண்ணீராகக் காட்டும், தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். மூன்று முறை தொடர்ந்து நனைந்ததாகக் காட்டினால்தான் பஸர் அடிக்கட்டும், அலை தெறித்தாலும் ஏமாறாது.

10 விநாடியை எண்ண, நிரலை நிறுத்திவைக்கும் டிலேயைவிட, போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லிசெகண்டைச் சொல்லும் மில்லிஸ் சிறந்தது; பட்டன் ஏதும் சேர்த்திருந்தால் இடையில் அழுத்துவதைக் கவனிக்கலாம். ஆனால் அந்த நேரத்தை இன்ட் மாறியில் (சிறிய முழு எண்களை மட்டும் வைக்கும் இடம்) வைத்தால் 32 விநாடிவரை ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் தாறுமாறாகும். ஊனோவில் இன்ட் 32,767-ஐத் தாண்டியதும் மைனஸுக்குப் போய்விடும். பெரிய எண்ணைத் தாங்கும், மைனஸ் இல்லாத அன்சைன்ட் லாங் வகையைப் போடுங்கள். இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்துப் பார்க்கும் முறையில், மில்லிஸ் 49 நாளுக்கு மேல் ஓடிச் சுழியத்துக்குத் திரும்பினாலும் கணக்குப் பிசகாது.

மோட்டாரையே நிறுத்த ஆசை வரும். 10 ஆம்பியர் என்று எழுதிய சின்ன ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நேராக மோட்டாரில் போடாதீர்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் கரண்ட் அதன் ஓட்டக் கரண்டைப்போல் பல மடங்கு, ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இடையில் வைத்து, அதன் காயிலை மட்டும் ரிலே இயக்கட்டும். அந்த 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும்.