மூணாம் பால் கிடைக்காத ஊரு

நியூசிலாந்துல ஆக்லாந்துக்கு வந்த ரெண்டாவது மாசம், ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை, திடீர்னு சொதி சாப்பிடணும்னு ஆசை வந்துருச்சு. ஜூன்னா இங்க குளிர்காலம், சாயங்காலம் அஞ்சே காலுக்கெல்லாம் இருட்டிரும், மழை வேற விடாம தூத்திக்கிட்டே இருக்கும், வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரில நைட் டூட்டி (அவதான் நர்ஸ் வேலைக்கு விசா வாங்கினவ, நான் அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு பார்ட்னர் விசால வந்தவன், இதச் சொல்ல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல), வீட்டுல நான் ஒத்தையா உக்காந்துக்கிட்டு பாளையங்கோட்டை கல்யாண வீடுகளையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

சொதி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊருப்பக்கம் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுச் சாப்பாட்டுல போடுற குழம்பு, மாப்பிள்ளைச் சொதின்னே சொல்லுவாங்க. தேங்காயத் துருவி அரைச்சு மூணு தடவை பால் எடுக்கணும். தண்ணியா இருக்க மூணாம் பால்ல உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேகும், அப்புறம் ரெண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும், கடைசியா கெட்டியான முதல் பால ஊத்தி நுரை கட்டுனதும் டக்குனு அடுப்ப அணைச்சிரணும், கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் தனியா மிதக்கும். ஆறுனதும் எலுமிச்சம்பழம். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, ஏன்னா அவ்வளவு தேங்காப்பால் வயித்துக்குள்ள போனா இஞ்சி இல்லாம செமிக்காது, இது ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

தெருமுனைக் கடைக்கு இங்க டெய்ரின்னு பேரு. பேர நம்பி பால் பண்ணைன்னு நெனச்சிராதீங்க, பிரெட்டு, சிப்ஸு, ஐஸ்க்ரீம் விக்கிற நம்ம பெட்டிக்கடைதான், நிறைய குஜராத்திக்காரங்க நடத்துறாங்க. அங்க தேங்காய் சம்பந்தமா ஒண்ணுமே இல்ல. க்ரீம் இருந்துச்சு, 300 மில்லி பாட்டில். சரி முதல் பாலுக்கு க்ரீம், ரெண்டாம் மூணாம் பாலுக்கு பசும்பால், எல்லாம் வெள்ளைதானேன்னு ஒரு மேதாவித்தனம். காய் வெந்துச்சு, பார்க்கவும் சொதி மாதிரியே இருந்துச்சு, எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சேன் பாருங்க, கண்ணு முன்னாடி மொத்தமும் திரிஞ்சு போச்சு. பச்சை மிளகா போட்ட பன்னீர்ல கேரட்டு மெதக்குது. க்ரீம் மட்டும்னா தப்பிச்சிருக்குமாம், கொழுப்பு அதிகம் புரதம் கம்மிங்கிறதால புளிப்பக் கொஞ்சம் தாங்குமாம், காலை வாரினது பசும்பால்தான். அத ரசம் விட்டுச் சாப்பிட்டேன், என்ன செய்ய.

அப்ப ஒரு கஃபேல கிச்சன் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். காலைல ஆறு மணிக்குப் போய் முதல் வேலை க்ரீம் அடிக்கிறது. இந்த ஊருல ஸ்கோனுக்கு ஜாமும் க்ரீமும், கேக்குக்குப் பக்கத்துல ஒரு குத்து க்ரீம், பாவ்லோவா மேல மெத்தை மாதிரி க்ரீம், மாட்ட நம்பி வாழுற நாடு இல்லையா. கூட வேலை பாத்த சமோவாக்காரர் ஒருத்தர், ஆறடி உருவம், சர்ச்சுல கொயர் பாடுறவர், நான் சொதிக் கதையச் சொன்னதும் சிரிச்சு முடிச்சிட்டு, சனிக்கிழமை காலைல ஓட்டாரா மார்க்கெட்டுக்குப் போன்னார். போனேன். சேப்பங்கிழங்கு, அதோட இலை, பச்சை வாழைக்காய், முழுத் தேங்காய், டின் டின்னா தேங்காய் க்ரீம், நம்ம ஊரு சந்தைல நிக்கிற மாதிரியே இருந்துச்சு, பாஷை மட்டும் வேற. அவங்க சேம்பிலைல தேங்காய் க்ரீமையும் வெங்காயத்தையும் வச்சு மடிச்சுச் சுடுறாங்க, பலுசாமின்னு பேரு, நம்மாளு பேரு மாதிரியே இருக்குன்னு நான் சொன்னது அவருக்குப் புரியவே இல்ல. துருவின தேங்காய நார்ல வச்சு முறுக்கிப் பிழிவாங்களாம். எங்க வீட்டுல வேட்டித்துணி.

அந்த டின்னுல ஒரு சௌகரியம் இருக்கு. குளிர்ல வெளிய கிடந்த டின்ன ஆட்டாம திறந்தா, மேல வெள்ளையா சோப்புக்கட்டி மாதிரி கெட்டியா ஒரு அடை, கரண்டிய நட்டா நிக்கும், கீழ சாம்பல் நிறத்துல தண்ணி. அடைதான் முதல் பால், தண்ணிதான் மூணாம் பால், ரெண்டையும் கலக்குனா ரெண்டாம் பால்! (பிரியாம இருக்க ஸ்டெபிலைசர் சேர்த்த டின்னுல இது நடக்காது, லேபிளப் பாத்து வாங்கணும்.) இதக் கண்டுபுடிச்ச அன்னைல இருந்து வாரா வாரம் சொதி. ஊர்ல வருஷத்துக்கு நாலு கல்யாணத்துல சாப்பிட்டது இங்க வாரக் குழம்பு ஆகிருச்சு. தப்பு அங்கதான் ஆரம்பிச்சது, அப்ப எனக்கு அது தெரியல.

தேங்காயெண்ணெய் கதை தனி. எங்க ஊர்ல தேங்காயெண்ணெய் தலைக்கு, நல்லெண்ணெய் வாய்க்கு. நாகர்கோவில் பக்கம் போனாதான் தேங்காயெண்ணெய்ல தாளிப்பாங்க. இங்க பாத்தா அது கண்ணாடி ஜாடில ‘வெர்ஜின்’னு பேர் போட்டு ஹெல்த் புட் அலமாரில உக்காந்திருக்கு, விலையப் பாத்தா தலைல தடவ மனசு வராது. 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிரும், ஆக்லாந்துல வருஷத்துல முக்கால்வாசி நாளு அது கல்லுதான். ஜிம்முக்குப் போற ஒரு நண்பன் கருப்புக் காப்பில ரெண்டு ஸ்பூன் அதப் போட்டுக் குடிச்சா உடம்பு கொழுப்ப எரிக்கும்னான், நானும் ஆறேழு மாசம் குடிச்சேன், உதட்டுல லிப் பாம் போட்ட மாதிரி ஒட்டும், அத ஆரோக்கியம்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் க்ளினிக்ல இருந்து கூப்பிட்டாங்க. இங்க தெற்காசிய ஆம்பளைங்களுக்கு 30 வயசுலயே இதய ரிஸ்க் பாக்கணும்னு 2018ல வந்த வழிகாட்டுதல் சொல்லுது, எனக்கு 35. ரிப்போர்ட் ஆப்ல வந்துச்சு, மொத்த கொலஸ்ட்ரால் 6.2. ஆறா! எங்கம்மாவுக்கே 210 இருக்கு, எனக்கு ஆறுதான்னு டூட்டி முடிஞ்சு வந்தவகிட்ட பெருமையா நீட்டுனேன். அவ ஷூவக் கூட கழட்டல. "ஏங்க, இது மில்லிமோல் கணக்கு, நம்ம ஊரு மில்லிகிராம் கணக்குக்கு 38.67ஆல பெருக்குங்க"ன்னா. பெருக்குனேன். 240. கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 4.2, அதாவது 162. கட்டில்ல உக்காந்துட்டேன்.

கட்டுன பொண்டாட்டி நர்ஸா இருந்தா விசாரணை எப்படி இருக்கும்னு தனியாச் சொல்லணுமா, அன்னிக்கு ராத்திரி டைனிங் டேபிள்ல மூணையும் எடுத்து வச்சா: கஃபேல மிஞ்சுன க்ரீம் டப்பா, தேங்காய் க்ரீம் டின், எண்ணெய் ஜாடி. ஒரு நோட்டு, பேனா. "100 கிராமப் பாக்காதீங்க, யாரும் 100 கிராம் திங்கிறதில்ல, நீங்க திங்கிற அளவப் பாருங்க"ன்னா. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதெல்லாம் எழுதுறேன்.

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்னா 120 கலோரி, பதிமூணரை கிராம் கொழுப்பு, அதுல பதினொன்னு பன்னெண்டு கிராம் சாச்சுரேட்டட் (நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்ல ஏத்துற வகை). எண்ணெய்ல வேற ஒண்ணுமே கிடையாது, புரதம் இல்ல, சொல்லிக்கிற அளவுக்கு தாது இல்ல, சுத்தக் கொழுப்பு. அதே ஸ்பூன் பசும்பால் க்ரீம்னா சுமார் 50 கலோரி, அஞ்சு கிராம் சொச்சம் கொழுப்பு, அதுல மூணுல ரெண்டு பங்கு சாச்சுரேட்டட். டின் தேங்காய் க்ரீம் ஸ்பூனுக்கு மூணு கிராம் கொழுப்புதான், மூணுலயும் இதுதான் கம்மி, ஆனா அந்த மூணும் கிட்டத்தட்ட முழுசா சாச்சுரேட்டட். பாத்தியா தேங்காய் ஜெயிச்சிருச்சுன்னேன். "டின்ன ஸ்பூன்லயா ஊத்துறீங்க?"

400 மில்லி டின், 20 சதவீதம் கொழுப்பு, அப்ப 80 கிராம். நாலு பேரு சாப்பிட்டா ஆளுக்கு 20, அதுல 18 கிராம் சாச்சுரேட்டட். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு மொத்த கலோரில பத்துல ஒரு பங்குக்குள்ள, 2000 கலோரி சாப்பிடுறவனுக்கு ஒரு நாளைக்கே 22 கிராம்தான் வருது. நாங்க நாலு பேரு கிடையாது, ரெண்டு பேரு. அவ ஒரு கரண்டி, மிச்சம் நான். காலைல காப்பில ரெண்டு ஸ்பூன் எண்ணெய் இருக்கே, அதுலயே அந்த நாளோட கோட்டா முடிஞ்சிருது, சொதி, ஸ்கோன் எல்லாம் அதுக்கு மேல.

நல்லதும் இருக்கு, அதையும் நேர்மையாத்தான் எழுதுனா. பசும்பால் க்ரீம்ல வைட்டமின் ஏ நிறைய, 100 மில்லில ஒரு நாள் தேவையில பாதி வந்துரும், ஆனா கால்சியம் பால்ல இருக்கறதுல பாதிதான், கொலஸ்ட்ராலும் உண்டு. தேங்காய் க்ரீம்ல கொலஸ்ட்ரால் கிடையாது, பொட்டாசியம், மெக்னீசியம், மாங்கனீஸ், கொஞ்சம் இரும்பு இருக்கு, பால் ஒத்துக்காதவங்களுக்கு பெரிய உபகாரம். புரதத்துக்காக ரெண்டையும் சாப்பிடுறேன்னு யாராவது சொன்னா அது சும்மா. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ன்னு டின்னுல போட்டிருக்கறது பொய் இல்ல, ஆனா ரத்தத்துல எல்டிஎல்ல ஏத்துறது முக்கியமா சாச்சுரேட்டட் கொழுப்பு, சாப்பாட்டுல இருக்க கொலஸ்ட்ரால் அதுக்கு அடுத்துதான்.

நான் விடல, தேங்காயெண்ணெய்ல இருக்க லாரிக் அமிலம்னு ஆரம்பிச்சேன், வாட்ஸப்ல படிச்சதெல்லாம் எடுத்து விட்டேன். அவ பொறுமையாச் சொன்னா, அந்த ‘கொழுப்ப எரிக்கும்’ ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் எட்டு, பத்து கார்பன் உள்ள எம்சிடி (நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய்ல செஞ்சது, தேங்காயெண்ணெய்ல பாதிக்குப் பாதி பன்னெண்டு கார்பன் லாரிக், அது உடம்புக்குள்ள பெருசா மத்த கொழுப்பு போற வழியிலதான் போகுது. இந்த ஊரு ஹார்ட் ஃபவுண்டேஷனுக்காகச் செஞ்ச அலசல் ஒண்ணு 2016ல வெளிவந்துச்சு, தேங்காயெண்ணெய் எல்டிஎல்ல வெண்ணெய் அளவுக்கு ஏத்தாது, ஆனா மத்த தாவர எண்ணெயவிட ஏத்தும்னு முடிவு. 2020ல 16 சோதனைகளச் சேர்த்துப் பாத்ததுல மத்த தாவர எண்ணெயோட ஒப்பிட்டா எல்டிஎல் சுமார் 10 மில்லிகிராம் கூட, நல்ல கொலஸ்ட்ரால் 4 கூட. என் பக்கத்துக்கும் ஒண்ணு கிடைச்சது, 2018ல கேம்பிரிட்ஜ்காரங்க 94 பேருக்கு நாலு வாரம் தினமும் 50 கிராம் குடுத்துப் பாத்தாங்க, வெண்ணெய் எல்டிஎல்ல ஏத்துச்சு, தேங்காயெண்ணெய் ஆலிவ் எண்ணெய் மாதிரியே சும்மா இருந்துச்சு. அவ படிச்சுட்டு, "நாலு வாரம்"னு மட்டும் சொன்னா. அதே வருஷம் ஜெர்மனில ஒரு பேராசிரியை தேங்காயெண்ணெய சுத்த விஷம்னு பேசி ஊரே கொந்தளிச்சது, அதுவும் எனக்கு ஓவராத்தான் படுது. விஷமும் இல்ல அமிர்தமும் இல்ல, எண்ணெய்.

ஆனா என்ன உண்மையிலேயே யோசிக்க வச்சது டொக்கெலாவ் கதை. நியூசிலாந்துக்குச் சேர்ந்த மூணு பவளத்தீவு, மொத்தமே சுமார் 1500 பேரு. 1981ல வந்த ஆய்வுல, அந்த மக்களுக்கு அப்ப கிடைச்ச கலோரில 60 சதவீதத்துக்கு மேல தேங்காய்தான். கொலஸ்ட்ரால், தேங்காய் கம்மியாச் சாப்பிட்ட குக் தீவுகளோட புக்காபுக்கா தீவுக்காரங்கள விட 35, 40 மில்லிகிராம் கூட, ஆனாலும் ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய் நோய் அபூர்வம். மீனும் தேங்காயும் ஈரப்பலாவும், நாளெல்லாம் உடம்பு வேலை, சர்க்கரையும் மைதாவும் கம்மி. 1966 புயலுக்கு அப்புறம் நிறைய பேரு இங்க குடியேறினாங்க, ஆராய்ச்சிக்காரங்க அவங்களையும் தொடர்ந்து பாத்தாங்க, இங்க வந்தவங்க தேங்காயக் குறைச்சுட்டாங்க, ஆனா எடை கூடிச்சு, பிரஷர் கூடிச்சு, சர்க்கரை வந்துச்சு. சமோவாக்காரர்கிட்ட சொன்னேன், அவர் க்ரீம் அடிச்சுக்கிட்டே, "எங்க தாத்தா தேங்கா பறிக்க மரம் ஏறுவார், நான் டின் வாங்க கார் ஏறுறேன்"ன்னார்.

காப்பி எண்ணெய அன்னையோட நிறுத்துனேன், ஜாடி பாத்ரூமுக்குப் போச்சு. சொதி மாசத்துக்கு ஒண்ணு. கஃபே க்ரீமத் தொடல. ராத்திரி அவ டூட்டிக்குப் போறப்ப பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடப் போய் சுத்தி வருவேன். நாலு மாசம் கழிச்சு எல்டிஎல் 3.4. எது வேலை செஞ்சதுன்னு கேட்டா தெரியாது, எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனவன் சொல்றது ஆராய்ச்சி ஆகாது.

போன டிசம்பர்ல அம்மா வந்தா. டின்னத் திறந்து காட்டுனதும், "ஏல, யாரு பிழிஞ்சதுன்னே தெரியாத பாலயா குடிக்க?"ன்னு முகத்தச் சுளிச்சா. ஆனா சொதி வச்சது அவதான், ஏழு பேருக்கு. ஒரே டின். கால்வாசிய முதல் பாலுன்னு எடுத்து வச்சுட்டு மிச்சத்துல தண்ணிய ஊத்திக்கிட்டே போனா, காயும் பருப்பும் அள்ளிப் போட்டா, எனக்குப் பதறிருச்சு, ஆனா வாய்ல வச்சா மறுவீட்டுப் பந்தியேதான். இஞ்சிப் பச்சடிய மறக்கல. எங்க வீட்டு சொதி எப்பவுமே இவ்வளவு தண்ணியாத்தான் இருந்திருக்கு, நாந்தான் இத்தனை வருஷமா கெட்டியா ஞாபகம் வச்சிருந்திருக்கேன்.

மறுநாள் வேலை முடிஞ்சு வந்து பாத்தா ஃப்ரிட்ஜ்ல இருந்த க்ரீம் பாட்டில் காணல. "பாலாடைய இப்படி சும்மா வச்சிருக்கியேல"ன்னு ஊறுகா பாட்டில்ல ஊத்திக் குலுக்கோ குலுக்குன்னு குலுக்கி வெண்ணெய் எடுத்து, உருக்கி, முருங்கைக் கீரை இல்லாததால கறிவேப்பிலையக் கிள்ளிப் போட்டு, மேடைல ஒரு சின்ன டம்ளர் நெய் மணல் மணலா ஆறிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல நிக்கிற வீட்டுக்காரி நோட்டையும் எடுக்கல, பேனாவையும் எடுக்கல, அடிப்பாத்திரத்துல இருந்த கசண்டுல சோத்தப் போட்டுப் பெரட்டிக்கிட்டு இருந்தா.