ஒரே ஆபரேஷன், இரண்டு உடம்பு

பேரியாட்ரிக் என்ற எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" என் பதில், 29 கிலோ. ஒன்றரை வருடத்தில் 118-லிருந்து 89-க்கு வந்திருக்கிறேன். சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது தெரியும். "அவ்வளவுதானா? இன்னொருத்தருக்கு நாற்பது குறைஞ்சுதே! டயட்டை ஒழுங்கா ஃபாலோ பண்றீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது என்னை மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. ரிவ்யூவுக்குப் போகும்போது வெளியே காத்திருக்கும் பலர் அந்தக் கேள்வியால் நொந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். சிலர் அதற்குப் பயந்து ரிவ்யூவுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்குச் செய்த அதே வாரத்தில், அதே மருத்துவரிடம், அதே ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண் உண்டு. பக்கத்து அறை. அப்போது அவளுக்கு 26 வயது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். 112 கிலோவில் ஆபரேஷனுக்குப் போனவள் இன்று 70-க்கு வந்திருக்கிறாள். இருவருக்கும் ஒரே டயட்டீஷியன். சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அவள் தட்டு என் தட்டைவிடச் சின்னது இல்லை, பல நாள் பெரியதாகவே இருக்கும். அவளுக்கு 42 கிலோ, எனக்கு 29. இந்த 13 கிலோ வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஸ்லீவ் என்றால் இரைப்பையைச் சின்னதாக்குவது, அதனால் குறைவாகச் சாப்பிடுவோம், எடை குறையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கும்போது அதன் மேல் பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த இடத்தில்தான். 1999-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த ஹார்மோன் இது. வெறும் டயட்டில் எடை குறைத்தால் கிரெலின் ஏறும். உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கும். ஸ்லீவுக்குப் பிறகு அது இறங்கிவிடுகிறது. அதோடு, உணவு சீக்கிரமாகக் குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் சாப்பிட்டவுடன் பல மடங்கு எகிறுகின்றன. "போதும்" என்று மூளைக்குச் சொல்பவை இவை. நாலு வாய் சாப்பிட்டதும் நமக்கு எழுந்துவிடத் தோன்றுகிறதே, அதில் மன உறுதியைவிட இவற்றின் வேலைதான் அதிகம்.

பித்தநீருக்கும் இதில் பங்கு உண்டு என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். 2014-ல் எலிகளில் ஒரு ஆய்வு நடந்தது. பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி இல்லாத எலிகளுக்கு ஸ்லீவ் செய்தார்கள். இரைப்பை சின்னதானது என்னவோ உண்மை, ஆனால் முதலில் குறைந்த எடை நிலைக்கவில்லை. வெறும் கொள்ளளவுதான் விஷயம் என்றால் அப்படி நடந்திருக்கக் கூடாது.

சரி, இந்த மாற்றங்கள் எனக்கும் நடந்தன, அவளுக்கும் நடந்தன. ஆனால் எந்த உடம்பில் நடந்தன என்பதில்தான் வித்தியாசம். ஆபரேஷன் சமயத்தில் எனக்கு வயது 47, மாதவிடாய் நிற்கும் கட்டம். பன்னிரண்டு வருடச் சுகர், தினமும் இரண்டு வேளை இன்சுலின், தைராய்டு மாத்திரை. அவளுக்கு இதில் எதுவும் கிடையாது. சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் இன்சுலினில் இருப்பவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு சராசரியாக எடை குறைவாகத்தான் இறங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணத்தை என் ஹார்மோன் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இன்சுலின் கொழுப்பைச் சேமித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன். ஊசியாகப் போட்டாலும் சரி, சில சுகர் மாத்திரைகள் கணையத்தைத் தூண்டிச் சுரக்க வைத்தாலும் சரி, எடை ஏறும் பக்கமே தள்ளும். இன்னொன்றும் சொன்னார். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறும். அதாவது கலோரி வீணாகப் போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சுகர் கட்டுக்குள் வந்ததும் அந்தக் கசிவு நின்றுவிடுகிறது. உடம்புக்கு அது நல்லதுதான், ஆனால் எடை மெஷினில் நமக்குச் சாதகமாகத் தெரியாது.

என்னை உண்மையில் நிம்மதிப்படுத்தியது ஒரு பரிசோதனை. ஓய்வில் இருக்கும்போது உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று அளக்கும் டெஸ்ட். காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும். படுக்க வைத்து, தலைக்கு மேல் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, அதன் ஓரத்துத் துணியைக் கழுத்தைச் சுற்றிச் செருகிவிடுகிறார்கள். ஒரு குழாய் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அசையக் கூடாது, பேசக் கூடாது, தூங்கவும் கூடாது. கண்ணைத் திறந்துகொண்டு அரை மணி நேரம் சும்மா மூச்சு விட வேண்டும். எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று கருவி நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்கிறது. கடைசியில் ஒரு தாள் வரும். என் வயது, உயரம், எடையை வைத்துச் சூத்திரம் போட்டால் நாளுக்கு 1,489 கலோரி வர வேண்டும். கருவி அளந்தது 1,340.

ஆபரேஷனுக்கு முன் 118 கிலோவில் அதே சூத்திரம் 1,780-ஐ ஒட்டித்தான் காட்டியது. உடம்பு சின்னதானால் செலவும் குறையும், அது நியாயம். ஆனால் அதற்கும் கீழே ஒரு 150 கலோரியை என் உடம்பு மிச்சம் பிடிக்கிறது. மெட்டபாலிக் அடாப்டேஷன் என்று இதைச் சொல்கிறார்கள். கொழுப்பு குறையக் குறைய, கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும். அதைப் பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டு செலவைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் எடை குறைக்கும் டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பி வந்திருந்தது. அப்படியும் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. அந்தப் போட்டியாளர்களையும் இரைப்பை பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது அல்ல, ஸ்லீவ் போல இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன்) செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், ஆபரேஷன்காரர்களுக்கு ஆறாவது மாதத்தில் இந்தக் குறைவு தெரிந்தது, ஒரு வருடத்தில் மறைந்துபோயிருந்தது. ஆபரேஷன் உடம்பின் தற்காப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் தளர்த்துவதில்லை.

தசையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆறு மாதத்தில் வேகமாக இறங்கும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை. நாலில் ஒரு பங்கு வரை தசையும் மற்றதுமாக இருக்கலாம். தசை போனால் மெட்டபாலிசமே போச்சு என்று ஜிம்மில் பயமுறுத்துவார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான். ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல் ஈரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கணக்கு. ஆனாலும் நான் தசையை விட மாட்டேன், ஏனென்றால் சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது அதுதான். என்னைப் போன்ற சுகர்காரிக்கு அது போனால் தாங்காது. அதனால் தினமும் குறைந்தது 60 கிராம் புரதம், வாரத்தில் சில நாள் எடை தூக்கும் பயிற்சி என்று டயட்டீஷியன் சொன்னதை அப்படியே செய்கிறேன். தட்டில் முதலில் புரதம், அப்புறம்தான் மற்றது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நேரத்தில் கவனமாக இருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியமும் இரும்புச்சத்தும் எல்லோருக்கும் எழுதித் தருவார்கள். இரண்டுமே தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நான் விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, நாலு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம். எடை இறங்க இறங்க டோஸும் மாறலாம் என்பதால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகளில் சில ஆகியவையும் எடையைப் பிடித்து வைக்கக்கூடியவை. தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மிச்சம் இருப்பது பிறப்பிலேயே வந்தது. 2011-ல் வெளியான ஒரு ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட ரத்த உறவினர்களுக்குள் எடைக் குறைவு ஒன்றுபோல இருந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்தும் ரத்த உறவு இல்லாதவர்களிடம் அந்த ஒற்றுமை தெரியவில்லை. ஒரே சமையல், ஒரே பழக்கம் என்பதைவிட மரபணு பலமாகப் பேசியிருக்கிறது. ஒழுக்கம் போதவில்லை என்று அடுத்தவரைத் திட்டுகிறவர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டும்.

இப்போது என் 29 கிலோவுக்கு வருகிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், அதனால் எந்த எண்ணை எதனால் வகுக்கிறோம் என்று பார்க்காமல் விட முடியாது. என் உயரம் 160 செ.மீ. பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், 25 ஆக இருக்க நான் 64 கிலோ இருக்க வேண்டும். அப்படியானால் ஆபரேஷன் அன்று என்னிடம் இருந்த அதிக எடை 54 கிலோ. அதில் 29 போனது, ஏறக்குறைய 54 சதவீதம். அதிக எடையில் பாதி குறைந்தாலே ஆபரேஷன் வெற்றி என்பது மருத்துவர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் அளவுகோல். அதன்படி நான் தேறிவிட்டேன்.

ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறு. வீட்டுக்கு வரும்போதே என் இன்சுலின் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது எடை பெரிதாக இறங்கியிருக்கவே இல்லை. 1995-லேயே அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் வால்டர் போரீஸ் குழுவினர் இதை எழுதியிருக்கிறார்கள்: பைபாஸ் செய்த சில நாட்களிலேயே, எடை குறைவதற்கு முன்பே, பலருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. எனக்கு 9.2 இருந்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) இன்று 6.3. ஊசி இல்லை, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும். எத்தனை கிலோ என்று கேட்கும் யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்குக் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்பட்டதுபோல இருக்கிறது. அதை எடை மெஷினில் எப்படிக் காட்டுவது?

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. "அக்கா, மூணு கிலோ ஏறிடுச்சு. எல்லாம் போயிடும்போல பயமா இருக்கு."

ஸ்வீடனில் 1987-ல் ஆரம்பித்த பெரிய ஆய்வைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு அது. பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் மொத்த எடையில் 32 சதவீதம் குறைந்தது. பத்தாம் வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது அடித்தளத்தைத் தொட்டபின் கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். அதற்காகப் பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடாதே என்றேன். புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தாயா, தூக்கம் எப்படி, கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்தது எப்போது என்று கேட்டேன். தூக்கம் சரியில்லை, நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். திங்கட்கிழமை எனக்கு ரிவ்யூ இருக்கிறது. அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தக் கூண்டு டெஸ்ட்டை அவளுக்கும் எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கப்போகிறேன்.